மதிப்பீட்டுக்காக மட்டும்

மட்டாஞ்சேரி
8 ஜூன் 2025

சங்கருக்கு,

நாலு வருஷமாகிவிட்டது. எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் அமையவில்லை. விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

உன் அண்ணாவுக்கு ஜனவரியில் பக்கவாதம் வந்தது யார் மூலமாவது உன் காதுக்கு வந்திருக்கும். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருக்கிறது: ‘அதே’. மலையாளத்தில் ஆமாம் என்பதற்குச் சொல்வோமே, அது. பசிக்கிறதா என்றால் அதே. பசிக்கவில்லையா என்றால் அதற்கும் அதே. கோபம் வந்தாலும் அதே, அழுதாலும் அதே. புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, வார்த்தைதான் வழி தவறிப் போகிறது என்றார் டாக்டர்.

கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதும் அதிகம்தான். வாடகைக்குக் கொடுத்ததில் எந்த நோயாளி வீட்டில் நம் கட்டில் இருக்கிறது, எந்த வீட்டில் ஆக்சிஜன் மெஷின், எதற்கு எப்போது பில்டர் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்ததுதான். நோட்டு ஒன்று உண்டு. அதில் ‘கோவில் பின்னால் மாமா’ என்றும் ‘மஞ்சள் கேட்’ என்றும் எழுதி வைத்திருக்கிறார். மட்டாஞ்சேரியில் எத்தனை மஞ்சள் கேட்!

போன வாரம் போர்ட் கொச்சியிலிருந்து ஒருவர் தன் அம்மாவுக்குச் சளி உறிஞ்சும் மெஷின் கேட்டு வந்தார். இல்லை என்று அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து வேறொரு வீட்டிலிருந்து ஒரு பெண் அதே மாதிரி மெஷினைக் கொண்டுவந்து வைத்து, அப்பா போய் ஆறு மாதமாகிறது, நீங்கள் வந்து எடுத்துக்கொள்வீர்கள் என்று காத்திருந்தோம் என்றாள். அதற்குள் போர்ட் கொச்சிக்காரரின் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போடலாம் என்று நீ அந்தக் காலத்தில் அவரிடம் மன்றாடினாய். அவர் கேட்கவில்லை. இப்போது நான் கேட்கிறேன். பணம் கொடுத்து வாங்காமல் செய்ய வழி உண்டா?

போன் மட்டும் செய்யாதே. உன் குரல் எந்த அறையிலிருந்து வந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். உன்னிடம் நான் உதவி கேட்டது தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. இப்படி மெயிலில் எழுது. எனக்குத் தமிழில் டைப் அடிக்க நேரமாகும், பரவாயில்லை.

மன்னி,
ஸ்வர்ணலதா

•

கோயம்புத்தூர்
14 ஜூன் 2025

மன்னிக்கு நமஸ்காரம்.

அண்ணாவின் விஷயம் பிப்ரவரியிலேயே தெரியும். வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். பிறகு அதைப் பேச மாட்டேன்.

2021 மே, கொரோனா சமயம். மகாவின் அப்பா கடவந்திராவில் மூச்சு முட்டிக் கிடந்தார். எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கை இல்லை. “ஒரு மெஷின் இருக்குடா, உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன், வந்து எடுத்துண்டு போ” என்று அண்ணா போனில் சொன்னார். பாலத்தில் போலீஸ் சோதனையெல்லாம் தாண்டி நான் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. மெஷின் இல்லை. யாருக்குப் போயிற்று என்று ஒரு வரி எழுதிக்கூட வைக்கவில்லை. “நான்தான் குடுத்துட்டேன், மறந்துடுத்து” என்றார். மறுநாள் காலையில் மாமனார் போய்விட்டார். அதற்கப்புறம் மகா மட்டாஞ்சேரி என்ற பெயரை வாயால் சொல்வதில்லை.

இனி வேலை. வாங்க வேண்டாம். எழுதியவர்களே நிரலை எல்லோருக்கும் திறந்து கொடுத்திருக்கும் வணிக மேலாண்மை மென்பொருள்கள் உண்டு. சரக்கு, வாடிக்கையாளர், பழுது பார்க்கும் தேதி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் இறக்கி நிறுவிக்கொள்ளலாம். நம் கடைக்குச் சரிப்படுமா என்பது வேறு கேள்வி. அதனால் மதிப்பீட்டுக்காக மட்டும் நிறுவிப் பார்ப்போம். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடலாம், நஷ்டமில்லை.

கடையில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட வேண்டும். பென்டிரைவில் எல்லாம் ஏற்றிக் கூரியரில் அனுப்புகிறேன். அதைச் செருகிவிட்டு கம்ப்யூட்டரைப் போடுங்கள். விழித்ததும் F12 அழுத்துங்கள். மீதி திரையில் வரும். கடைசியில் டேட்டாபேஸுக்குப் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். மாதிரித் தரவு வேண்டுமா என்று ஒரு கட்டம் வரும், டிக் போடுங்கள். அதை வைத்துப் பழகிக்கொள்ளலாம்.

உங்களுக்காகவும் அந்த வீடுகளில் படுத்துக் கிடக்கிறவர்களுக்காகவும்தான் செய்கிறேன். அவருக்காக இல்லை.

சங்கர்ராம்

•

மட்டாஞ்சேரி
29 ஜூன் 2025

சங்கருக்கு,

பென்டிரைவ் திங்கட்கிழமையே வந்துவிட்டது. இன்றைக்கு ஞாயிறு. நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்பாய். செவ்வாயன்று ஒரு கட்டில் திரும்பி வந்தது. கழுவிக் காயவைக்கலாம் என்றால் வெயிலே இல்லை, விடாத மழை. புதன் இவருக்குப் பிசியோதெரபி. வியாழனன்றுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

விழித்ததும் F12 என்று எழுதியிருந்தாய். அது எப்போது விழிக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நாலு தடவையும் விண்டோஸே வந்தது. ஐந்தாவது தடவை, கம்ப்யூட்டரைப் போட்டதிலிருந்தே F12-ஐக் கதவு தட்டுகிற மாதிரித் தட்டிக்கொண்டே இருந்தேன். வந்தது. பாதி ஓடும்போது கரண்ட் போயிற்று. வெள்ளிக்கிழமை மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை கடைசிவரை போய், நினைவகம் போதாது என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிட்டது. அந்த வரியைப் படித்துவிட்டு உள்ளே படுத்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சங்கிலிப்பாண்டி படகில் எர்ணாகுளம் போய் ஒரு நினைவகத் துண்டு வாங்கி வந்தான். அவன் இன்னும் நம் வண்டியைத்தான் ஓட்டுகிறான். அவன் இல்லாவிட்டால் எப்போதோ ஷட்டரை இறக்கியிருப்பேன். “அக்கா, இத்தணூண்டு பட்டையா? கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நெனச்சுத் திரும்பப் போயிக் கேட்டேன்” என்றான்.

நேற்று மூன்றாவது முறை. ஓடிவிட்டது. டேட்டாபேஸ், பாஸ்வேர்டு, எல்லாம் ஆயிற்று. மாதிரித் தரவுக்கு டிக் போட்டேன். திரை முழுக்கச் சிரித்த முகங்கள், எல்லோரும் வெளிநாட்டுக்காரர்கள். மேஜை வாங்குகிறார்கள், நாற்காலி விற்கிறார்கள், ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்கிறார்கள். நம் கடைக்குச் சிரித்துக்கொண்டு யார் வருகிறார்கள்?

அதில் விற்பது இருக்கிறது, வாங்குவது இருக்கிறது. கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வது எங்கே இருக்கிறது? எவ்வளவு தேடியும் காணவில்லை. கண் எரிகிறது.

மன்னி

•

கோயம்புத்தூர்
6 ஜூலை 2025

மன்னிக்கு,

தனியாக அவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம். எங்கள் மில்லில் இதே வேலைக்கு மூன்று பேர் வேண்டும்.

வாடகைக்கான பகுதி இலவசப் பதிப்பில் இல்லை. சுற்றுவழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நோயாளியின் வீட்டையும் ஒரு கிடங்கு என்று பதிவு செய்யுங்கள். மெஷினுக்கு எண் கொடுங்கள். நம் கடைக் கிடங்கிலிருந்து அந்த வீட்டுக் கிடங்குக்கு மாற்றியதாகக் காட்டுங்கள். திரும்பி வந்தால் எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். எந்த மெஷின் எங்கே என்று ஒரு நொடியில் தெரியும். பழுது பார்க்கும் தேதி போட்டால் நினைவூட்டும்.

இங்கிருந்தே பார்க்கிற மாதிரி இணைப்பு ஏற்படுத்திவிட்டேன். இப்போதைக்கு என் பெயரிலேயே உள்ளே நுழையுங்கள். உங்களுக்குத் தனியாகப் பிறகு உண்டாக்குகிறேன்.

இது முக்கியம்: பத்து மெஷின் மட்டும் போடுங்கள். நாலைந்து வாரம் ஓட்டிப் பார்ப்போம். பிறகு அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம். அதுவரை நோட்டை விட வேண்டாம்.

அண்ணா நடக்கிறாரா?

சங்கர்ராம்

•

மட்டாஞ்சேரி
27 ஜூலை 2025

சங்கருக்கு,

நடக்கவில்லை. பிடித்துக்கொண்டால் நிற்கிறார்.

வீட்டைக் கிடங்கு என்று எழுத முதலில் கை வரவில்லை. ஒரு மனுஷர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிற அறையைக் கிடங்கு என்றால் எப்படி? இப்போது பழகிவிட்டது. காலையில் இவரைக் குளிப்பாட்டிவிட்டு வந்து திறந்தால், இன்றைக்கு யார் வீட்டில் என்ன பார்க்க வேண்டும் என்று அதுவே சொல்கிறது. யாராவது எனக்கு ஞாபகப்படுத்தி எவ்வளவு நாளாயிற்று! இத்தனை மாதமாக எல்லோருக்கும் எல்லாவற்றையும் நானே ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளுருத்தியில் சுடலைமணி என்று ஒருவர். சந்தையில் மூட்டை தூக்கியவர். நுரையீரல் தேய்ந்துபோய் நாள் முழுக்க மெஷினோடு கிடக்கிறார். அந்த மெஷினில் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டு வருகிறது. கையில் மாற்று மெஷின் இல்லை. இரண்டு வாரத்துக்கென்று ஒரு வீட்டுக்குப் போனது ஆகஸ்ட் 11 அன்று திரும்பும். மறுநாள் அதைச் சுடலைமணிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைவூட்டல் போட்டு வைத்திருக்கிறேன். சங்கிலிப்பாண்டி கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருக்கிறான். கிடைத்த ஆட்டோவில் சாமானை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

நோட்டை விட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நோட்டு மேஜையில்தான் இருக்கிறது.

இவரைச் சக்கர நாற்காலியில் முன்னறைக்குக் கொண்டுவரும்போது மட்டும் திரைமேல் ஒரு துண்டைப் போட்டுவிடுகிறேன். ‘அதே’ என்கிறார். என்ன அர்த்தத்தில் என்று நான் கேட்பதில்லை.

மன்னி

•

கோயம்புத்தூர்
10 ஆகஸ்ட் 2025

மன்னிக்கு,

மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. பழையதில் சில கோளாறுகள் இருந்தன. இன்று விடுமுறை என்பதால் இங்கிருந்தே புதியதை நிறுவிவிட்டேன். சோதனைக்குப் போட்ட டேட்டாபேஸை அழித்தாயிற்று. இப்போது சுத்தமாக இருக்கிறது. நாளையிலிருந்து நிஜமான பதிவுகளைத் தொடங்கலாம். பாஸ்வேர்டு பழையதுதான்.

வேகமாகவும் இருக்கும்.

சங்கர்ராம்

•

மட்டாஞ்சேரி
16 ஆகஸ்ட் 2025

சங்கருக்கு,

திங்கட்கிழமை திறந்தேன். காலி. நீ எழுதியது போல ரொம்பச் சுத்தமாக இருந்தது.

பத்து மெஷின் இல்லை, சங்கர். நூற்று முப்பத்தேழு சாமான்களையும் போட்டிருந்தேன். ஜூலை நடுவிலேயே நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இரண்டிலும் எழுத எனக்குத் தெம்பு இல்லை. உன்னிடம் சொன்னால் திட்டுவாய் என்று சொல்லவில்லை. அது என் தப்பு.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நானும் ஊரிலிருந்து வந்துவிட்ட சங்கிலிப்பாண்டியும் ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தோம். இவருக்குக் காய்ச்சல் வேறு. பன்னிரண்டாம் தேதி வந்து போனதே எனக்குத் தெரியவில்லை.

வியாழன் காலை பத்து மணிக்குச் சுடலைமணியின் மகள் போன் செய்தாள். மெஷின் கத்துகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, அப்பாவுக்கு உதடு கறுக்கிறது என்றாள். அவர்களிடம் இருந்த சின்ன சிலிண்டர் ஒரு மணி நேரத்துக்குத்தான் வரும். கடையில் மெஷின் இல்லை. திரும்பி வர வேண்டியது எந்த வீட்டில் இருக்கிறது? நான்தான் அனுப்பினேன், யாரோ ஒரு ஆட்டோவில். அந்த வீட்டின் பெயர் கம்ப்யூட்டரில் இருந்தது. என் மண்டையில் இல்லை. தெரிந்த இரண்டு கடைகளுக்குப் போன் செய்தேன். அவர்களிடமும் இல்லை.

முன்னறையில் நின்று நானும் சங்கிலிப்பாண்டியும் கத்திக்கொண்டிருந்தோம். இவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. திடீரென்று இடது கையால் நாற்காலிப் பிடியைப் படபடவென்று அடித்தார். “அதே! அதே! அதே!” முகமெல்லாம் சிவந்துவிட்டது. வலிப்பு வருகிறதோ என்று பயந்து தண்ணீர் எடுக்க ஓடினேன். தண்ணீரைத் தட்டிவிட்டார். வாசலைக் காட்டினார்.

“அக்கா, அண்ணாச்சிக்கு என்னமோ தெரியுது. வண்டில ஏத்துவோம்” என்றான் சங்கிலிப்பாண்டி.

“காய்ச்சல்காரரை எங்கடா கொண்டுபோறது?”

“அவரு சொல்ற எடத்துக்கு.”

இருவருமாகத் தூக்கி முன் சீட்டில் வைத்தோம். நான் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். முக்கு வந்தபோதெல்லாம் சங்கிலிப்பாண்டி நிறுத்தினான். இவர் இடது கையால் பக்கம் காட்டினார். சேர்லாயில் ஒரு சந்துக்குள் போய் ஒரு வீட்டு முன்னால் கையை உயர்த்தினார். அந்த வீட்டு வயசான தம்பதிக்கு நம்மை நன்றாகத் தெரிந்திருந்தது. மாமாவுக்கு ஒரு மெஷின். அதற்குப் பக்கத்திலேயே துணி போட்டு மூடி இன்னொன்று. போன தீபாவளியன்று, மழைக்காலத்தில் பழுதானால் தவிப்பீர்கள் என்று சொல்லி இவரே வைத்துவிட்டு வந்தாராம். எந்த நோட்டிலும் இல்லை. மாமி துணியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். “வெங்கிட்டு, நன்னா இருக்கியா?” என்று கேட்டாள். “அதே” என்றார்.

பள்ளுருத்தி போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் நின்றிருந்தது, ஆனால் அதில் ஆக்சிஜன் இல்லை. எங்கள் மெஷினை மாட்டி, கொஞ்சம் நிதானத்துக்கு வந்த பிறகுதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார். இன்று காலை வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. “ஏன் லேட்டாச்சு, சேச்சி?” என்று மட்டும் கேட்டாள். நான் என்ன சொல்ல? கம்ப்யூட்டர் சுத்தமாக இருந்தது என்றா?

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மன்னி

•

கோயம்புத்தூர்
18 ஆகஸ்ட் 2025

மன்னிக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் படித்தேன். அதற்கப்புறம் அன்றைக்கு வேலை செய்யவில்லை.

நீங்கள் உங்கள் தப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது அரைவாசிகூட இல்லை. அழிப்பதற்கு முன்னால் திரையில் 137 என்று எண் வந்தது. பார்த்தேன். மாதிரித் தரவாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றைத் திறந்து பார்த்திருந்தால் பள்ளுருத்தி என்று இருந்திருக்கும். திறக்கவில்லை. நகல் எடுக்கவில்லை. ஒரு போன் செய்து அழிக்கலாமா என்று கேட்கவில்லை. போன் செய்யக் கூடாது என்று நீங்கள் சொன்னதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கும் உங்களிடம் பேசப் பிடிக்கவில்லை. பத்து நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டு மகாவோடு சினிமாவுக்குப் போனேன்.

யாருக்கு எந்த மெஷின் என்று எழுதி வைக்காததற்காக நாலு வருஷம் அண்ணாவோடு பேசாமல் இருந்தவன் நான். எழுதி வைத்ததை நானே அழித்தேன்.

அந்தப் பெரியவரின் மகளுக்கு நான் கடிதம் எழுதட்டுமா? என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இனி ஒவ்வொரு நாளும் தானாக நகல் எடுக்கும்படி செய்துவிட்டேன், ஒன்று அங்கே, ஒன்று இங்கே. உங்களுக்கு இதைத் தொடர மனமில்லை என்றால் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.

சங்கர்

•

மட்டாஞ்சேரி
24 ஆகஸ்ட் 2025

சங்கருக்கு,

எடுக்க வேண்டாம். சுடலைமணி வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் மகளிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். சாயா கொடுத்தாள்.

திரைமேல் துண்டு போடுவதை விட்டுவிட்டேன். இப்போது இவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் பதிவு செய்கிறேன். தினமும் காலை வண்டியில் இவரோடு ஒரு சுற்று. கை தூக்குகிற வீட்டை சங்கிலிப்பாண்டி போட்டோ எடுக்கிறான். அதை அந்தக் கிடங்குப் பதிவோடு சேர்த்துவிடுகிறேன். அப்புறம் திரையில் அந்தப் போட்டோக்களை வரிசையாகக் காட்டி, கட்டில் எது, மெஷின் எது என்று கேட்டால் விரலால் தொடுகிறார். எல்லாம் சரியாக வருவதில்லை. மூன்று வீட்டைத் தப்பாகக் காட்டினார். தப்பு என்று தெரிந்ததும் அழுதார். ஆனாலும் தொண்ணூறு சாமான்வரை வந்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரையின் ஒரு மூலையில் விரலை வைத்தார். நான் அதுவரை கவனிக்கவே இல்லை. ஒவ்வொரு பதிவின் கீழேயும் ‘உருவாக்கியவர்: சங்கர்ராம்’ என்று வருகிறது. உன் பெயரில்தானே நுழைகிறேன்! விரலை எடுக்கவில்லை. “அதே?” என்று கேட்டார். கேள்வியாகக் கேட்டார். பேச்சு போனதிலிருந்து அவர் கேள்வி கேட்டு நான் கேட்டதில்லை. “ஆமாம், சங்கர்தான். நான்தான் கூப்பிட்டேன்” என்றேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்தப் பெயர்மேல் விரலை வைத்தபடியே ரொம்ப நேரம் இருந்தார்.

அதனால் இதையும் எழுதிவிட வேண்டும்.

2021 மே மாதம் அந்த மெஷினைக் கொடுத்தது அவர் இல்லை. நான்.

அவர் சிலிண்டர் நிரப்பப் போயிருந்தார். பள்ளுருத்தியிலிருந்து ஒரு பெண் நடந்தே வந்தாள், செருப்புகூட இல்லாமல். வீட்டுக்காரருக்கு மூச்சு வரவில்லை என்று ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மெஷின் உனக்கென்று எடுத்து வைத்தது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் கொடுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும். நீ வர நேரமாகும், அதற்குள் வேறொன்று திரும்பி வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கண் முன்னால் நின்றாள், நீ போனில் இருந்தாய், அவ்வளவுதான். அவள் பெயரைக்கூடக் கேட்டு எழுதவில்லை.

நீ வந்து கத்தியபோது நான் வாயைத் திறப்பதற்குள் அவர் “நான்தான் குடுத்துட்டேன்” என்றார். நீ போன பிறகு, “உன்னைச் சொன்னா மகா ஜன்மத்துக்கும் மன்னிக்க மாட்டா. என்னைன்னா சண்டை போட்டுட்டு ஒரு நாள் வந்துடுவான்” என்றார். நீ வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பிறகு அவருக்குப் பேச்சு போய்விட்டது. இனி என்னைத் தவிர இதைச் சொல்ல யாருமில்லை என்று ஆனபோது, சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அந்தப் பெயர்மேல் அவர் விரலை வைத்த பிறகு முடியவில்லை.

ஸ்வர்ணலதா

•

கோயம்புத்தூர்
21 செப்டம்பர் 2025

மன்னிக்கு,

பதில் எழுத நாலு வாரமாகிவிட்டது. பல தடவை எழுதி அழித்தேன். சிலவற்றில் உங்களை மோசமாகத் திட்டியிருந்தேன். நீங்கள் படிக்காமல் போனதே நல்லது.

மகாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன ஞாயிறு சொன்னேன். உங்கள் கடிதத்தையே படிக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் பேசவில்லை. சமைத்தாள், ஆபீஸ் போனாள், வந்தாள். மூன்றாம் நாள் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமலே ஒன்று கேட்டாள். “அந்தப் பொம்மனாட்டியோட ஆத்துக்காரர் பொழைச்சாரா?”

எனக்குத் தெரியாது என்றேன். “மன்னிகிட்ட கேட்டு எழுதச் சொல்லுங்கோ” என்றாள்.

கேட்கிறேன்.

சங்கர்

•

மட்டாஞ்சேரி
28 செப்டம்பர் 2025

சங்கருக்கு,

எனக்கும் தெரியாது. அன்றைக்குப் பின் அவளை நான் பார்க்கவில்லை. மெஷினைத் திரும்ப எடுத்து வந்தது இவர். அதனால் இவரிடம் கேட்டேன். “அந்த மனுஷர் பொழைச்சாரா?” அதே. “போயிட்டாரா?” அதே. இரண்டுக்கும் ஒரே முகம்.

நேற்று வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளுருத்தி போனோம். யாரைத் தேடுகிறோம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். கால்வாய் ஓரத்தில் ஒரு வீட்டுக்குக் கை தூக்கினார். கதவைத் திறந்தது அவள்தான். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆவுடையம்மாள் என்று பெயர். தென்காசிப் பக்கமாம். கட்டட வேலைக்குப் போகிறாள். உள்ளே சுவரில் அவள் புருஷன் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது.

“நாலாம் நாளு போயிட்டாரு, சேச்சி” என்றாள். “போன் போட்டுச் சொன்னேன், அண்ணன்தான் மெஷினை எடுக்க வந்தாரு. வந்தவரு உடனே எடுக்கல. ஒரு மணிக்கூர் அந்தப் படியிலயே உக்காந்திருந்தாரு. ஏன் அழுதாருன்னு அப்ப எனக்குத் தெரியல.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மெஷின் இன்னொருவருக்கு வைத்தது, அவரும் போய்விட்டார் என்று சொன்னேன். அவளிடம் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. கேட்டுவிட்டு, “அவங்களுக்கு மக்க உண்டா?” என்றாள். ஒரு பெண் இருக்கிறாள், அவள்தான் உங்களைப் பற்றிக் கேட்டாள் என்றேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நாலு நாளு வீட்ல எங்ககூடப் பேசிட்டுக் கெடந்தாரு. பிள்ளையளுக்கு அது ஞாபகமிருக்கு. அந்த நாலு நாளு அவங்க அப்பாவோடதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க” என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பா, வருத்தமா, இரண்டும் இல்லையா?

மகாவிடம் இதைக் காட்டுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். யாரும் பிழைக்கவில்லை, சங்கர். நான் கொடுத்ததால் ஒருவராவது பிழைத்தார் என்று எழுத முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மன்னி

•

கோயம்புத்தூர்
2 அக்டோபர் 2025

மன்னிக்கு நமஸ்காரம்.

மகாவிடம் காட்டினேன். அழுதாள். அவள் அப்பாவுக்காக அழுது முடித்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை அவருக்கா, அந்த இன்னொருவருக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறோம். மதியத்துக்குள் எர்ணாகுளம். உங்கள் பெயரில் தனியாக ஒரு பயனர் உண்டாக்கித் தர வேண்டும், சங்கிலிப்பாண்டிக்குப் போனிலேயே பார்க்கிற மாதிரி செய்ய வேண்டும். இதெல்லாம் இங்கிருந்தே செய்யக்கூடிய வேலைதான். சொல்லிக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். மென்பொருள் உங்களுக்குச் சரிப்படுமா இல்லையா என்று நேரில் உட்கார்ந்து முடிவு செய்வோம்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று என்னால் எழுத முடியவில்லை. அண்ணா முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இப்போதைக்கு என் கவலை. நான் வருவதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எனக்கு என்ன பதில் வரும் என்று தெரியும், ஆனாலும் சொல்லுங்கள்.

மகாவுக்குச் சங்கடமாக இருக்கும் என்று போர்ட் கொச்சியில் இரண்டு நாளைக்கு ஒரு ஹோட்டல் அறை பார்த்து வைத்திருந்தேன். நேற்றுப் பெட்டியை அடுக்கிக்கொண்டே அதை ரத்து செய்யச் சொன்னாள்.

“ஹோட்டல் எதுக்கு? மன்னி ஒருத்தியா எத்தனை நாள்தான் அவரைத் தூக்கி உக்கார வெப்பா? ஆத்துலேயே இருந்துக்கலாம்.”

சங்கர்